அப்பாவின் கொறட்டை

கட்டுரை கொஞ்சம் நீளம். இடைவேளை போதாவிட்டால் மதியம் வந்து மீதியைப் படியுங்கள்.

2024 பிப்ரவரியில் நடந்த நம் பள்ளி ஆண்டு விழாவில் நான் பலகுரல் செய்தது உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது ஒன்பதாம் வகுப்பு. சேவல், டிவிஎஸ் 50, பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி எல்லாம் செய்துவிட்டு, கடைசியாக எங்கள் அப்பாவின் கொறட்டை. அதுக்குத்தான் கைதட்டல் அதிகம். மெதுவாக ஆரம்பிப்பேன். மர அறுவை மில் மாதிரி ஏத்திக்கொண்டே போய், உச்சிக்குப் போனதும் சட்டென்று நிறுத்திவிடுவேன். ஒரு சத்தமும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு மைக் முன்னால் அப்படியே நிற்பேன். மனதுக்குள் இருபது எண்ணுவேன். அந்த அமைதியிலேயே பின்வரிசையில் சிரிப்பு ஆரம்பித்துவிடும். இருபது ஆனதும் 'ஹக்க்' என்று தொண்டையில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. எனக்கு முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. இன்றைக்கும் அதில்தான் மதியச் சாப்பாடு கொண்டு வருகிறேன்.

நான் எண்ணிய அந்த இருபதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் இருந்து கேரளாவுக்கு முட்டை லோடு. சாயங்காலம் பண்ணையில் ஏற்றி, சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வாளையார் தாண்டி, விடிவதற்குள் திருச்சூரில் இறக்க வேண்டும். பகலில் அங்கேயே வண்டியில் தூங்கிவிட்டு மறுபடி ராத்திரி திரும்புவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில் படுப்பார். அந்த நாட்களில் தெருவுக்கே தெரியும். "உங்க அப்பா வந்துட்டாரா, சத்தம் கேட்டுச்சே" என்று எதிர்வீட்டு அத்தை காலையில் கேட்பார்கள். எங்கள் சித்தப்பா வைத்த பேர் கும்பகர்ணன். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பார்கள். "ஒழைச்ச ஒடம்பு, அசந்து தூங்குது" என்று அம்மாயி சொல்லும். நாங்களும் அதையே நம்பினோம்.

ஆனால் அசந்து தூங்கியவர் மாதிரி அவர் எழுந்ததே இல்லை. காலையில் தலைவலி. ராத்திரியில் நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார். முடி வெட்டப் போனால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. இதையெல்லாம் தனித்தனியாகத்தான் பார்த்தோம். ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

2024 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். அப்பா திருச்சூரில் லோடு இறக்கிவிட்டுக் காலி அட்டைகளோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். விடியற்காலை நாலரை மணி, அவிநாசிக்குப் பக்கத்தில். முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்ததாம். பின்கண்ணாடியில் பூமாலை தொங்கிய கல்யாண வேன். எங்கள் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அதை நெருங்குகிறது, வேகம் குறையவே இல்லை. கிளீனர் அண்ணன் திரும்பிப் பார்த்தால் அப்பாவின் தலை தொங்கியிருக்கிறது. அவர் கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததில் வண்டி நடுச்சுவரில் உரசி நின்றது. டீசல் டேங்க் நசுங்கியது. யாருக்கும் அடியில்லை. வேன்காரர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது, அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்பா இதை வீட்டில் சொல்லவில்லை. கிளீனர் அண்ணன்தான் வந்து, "அக்கா, அண்ணன எங்கயாச்சும் காட்டுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வண்டி ஓனர் ராத்திரி பூரா சினிமா பார்த்துவிட்டு வண்டி எடுத்ததாகத் திட்டி, ரிப்பேர் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டதும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கண்ண மூடுனதே எனக்குத் தெரியல" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இது மொதத் தடவ இல்ல" என்றார். அம்மா அப்படியே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் பிரஷர் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அப்பா கொறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மேடையில் நான் செய்தபோது வராத வெட்கம் அங்கே வந்தது. சத்தம் கேட்டு டாக்டரம்மாவே கதவைத் திறந்து வெளியே வந்து நின்று கேட்டார்கள். சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு முதலில் கேட்டது, "தூக்கத்துல இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதா?"

அம்மா, "தெரியலீங்க டாக்டர், நான் பஞ்சு வெச்சுட்டுப் படுத்துக்குவேனுங்க" என்றார்கள்.

"நிக்குமுங்க" என்றேன் நான்.

"எவ்வளவு நேரம்மா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்து காட்டத்தான் தெரியும். மேசைக்கு முன்னால் நின்றபடியே செய்தேன். ஏத்தினேன், நிறுத்தினேன், எண்ணினேன், இழுத்தேன். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இருபத்திரண்டு செகண்டு" என்றார்கள். "பத்து செகண்டு நின்னாலே நாங்க கணக்குல சேத்துக்குவோம்."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோயின் பெயர் ஸ்லீப் அப்னியா. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைபடுவது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இதுதான். மூச்சுக்குழாயைத் திறந்து பிடிக்கக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. அதற்கு மேலே, நாக்குக்குப் பின்னால் இருக்கிற தொண்டைப் பகுதிக்கு அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது, தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது எல்லாத் தசையும் போல அதுவும் தளரும். இடம் குறுகலாக இருந்தால் காற்று உரசிச் சத்தம் வரும். அதுதான் கொறட்டை. இன்னும் குறுகினால் ஒட்டிக்கொள்ளும். இளநீர்க் கடையில் மெல்லிய ஸ்ட்ராவைப் பலமாக உறிஞ்சினால் தட்டையாகிவிடுகிறதே, அந்த மாதிரி. நெஞ்சு இழுக்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்துபோய் ஒரு உலுக்கு உலுக்கி எழுப்பும். அந்த உலுக்கல்தான் என்னுடைய 'ஹக்க்'. எழுந்தது தூங்குகிறவருக்கு ஞாபகம் இருக்காது. மறுபடி தூங்குவார், மறுபடி அடைக்கும்.

டேப் வைத்து அப்பாவின் கழுத்தை அளந்தார்கள். 45 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 43-க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டுமாம். குண்டாக இருப்பவர்களுக்கு அதிகம் வரும், ஆனால் தாடை சின்னதாக இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும் என்றார்கள். (ஆகவே ஒல்லித் தோழிகள் அதிகம் சந்தோஷப்பட வேண்டாம்.)

சோதனைக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூங்க வேண்டியிருந்தது. தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் எல்லாம் ஒயர். நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் சின்னக் குழாய், விரலில் கிளிப். இப்படிக் கட்டிவிட்டு "நல்லா தூங்குங்க" என்றார்களாம். அப்பா தூங்கினார். லாரி டிரைவர் எங்கேயும் தூங்குவார்.

தாளில் வந்த எண் 42. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. பெரியவர்களுக்கு 5-க்குள் இருந்தால் கவலையில்லை, 30-க்கு மேல் போனால் கடுமை. ஆறு மணி நேரத் தூக்கம் என்றால் 42-ஐ ஆறால் பெருக்கிப் பாருங்கள், 252. கணக்கில் நான் சுமார்தான், ஆனாலும் அன்றைக்கு அந்தப் பெருக்கலைப் பஸ்ஸில் நாலு தடவை போட்டுப் பார்த்தேன். 252 தடவை எங்கள் அப்பா மூச்சுக்குத் திணறியிருக்கிறார். நாங்கள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு தலையணையால் காதை மூடியிருக்கிறோம்.

வைத்தியம் ஒரு மிஷின். சிபாப் என்று பெயர். மூக்கில் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி. ஆக்சிஜன் சிலிண்டர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது இல்லை. அறையில் இருக்கிற சாதாரணக் காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தத்தோடு தள்ளுகிறது. அந்த அழுத்தம் தொண்டையை ஒட்டவிடாமல் திறந்து பிடிக்கும். அப்பா உடனே புரிந்துகொண்டார். "டியூப்ல காத்தடிச்சு நிறுத்தற மாதிரி" என்றார். இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர். 1980-ல் வேக்வம் கிளீனர் மோட்டாரை வைத்து முதலில் செய்து பார்த்து, 1981-ல் உலகத்துக்கு எழுதினார். அதற்கு முன்பு ரொம்பக் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு விட வைத்தார்களாம்.

விலை முப்பதாயிரத்துக்கு மேல். அம்மாவின் தோடும் என் செயினும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. மிஷின் பழகி, மறுபடி பார்த்துச் சரி என்று சொல்லும் வரைக்கும் லாரி எடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பெரிய அடி அதுதான். ஓனரிடம் நிஜத்தைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அப்பா பயந்தார். "முதுகு வலின்னு சொல்லிக்கறேன்" என்றார். அம்மா விடவில்லை. "அந்தக் கல்யாண வேன்ல எத்தனை பேரு இருந்தாங்களோ" என்று மட்டும்தான் சொன்னார்கள். அப்பா போய் ஓனரிடம் சொல்லிவிட்டார். ஓனர் வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் வண்டியும் தரவில்லை. முட்டைக் குடோனில் அட்டை எண்ணுகிற வேலை, பாதிச் சம்பளம்.

மிஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதல் வாரம் மகா மோசம். முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று கண்ணுக்குள் அடித்தது. வார் இறுக்கினால் மூக்கில் தடம். வாய் காய்ந்துபோனது. நடு ராத்திரியில் பிடுங்கி எறிந்துவிட்டு, "என்னால ஆகாது, செத்தா சாவறேன்" என்று அப்பா திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா திட்டினார்கள், அழுதார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தது இரண்டாம் வகுப்புப் படித்த எங்கள் தம்பி. அவனுக்கு அந்த முகமூடி என்றால் உயிர். "அப்பா பைலட்டு, அப்பா பைலட்டு" என்று குதிப்பான். அவனுக்காக அப்பா சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முழித்திருக்கும்போது பழகியதால் தூக்கத்திலும் பழகிவிட்டது. வேறு அளவு முகமூடி மாற்றினோம். காற்றை ஈரமாக்கும் தொட்டியில் சுத்திகரித்த தண்ணீர் ஊற்றினோம். மூன்றாவது வாரம் ஒரு காலையில் அப்பா எழுந்து காபிக்கு உட்கார்ந்தவர், "இன்னிக்குத் தலை வலிக்கல" என்றார். ஏதோ தொலைத்த பொருளைத் தேடுகிறவர் மாதிரி நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். ஆசிரியர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தம்பி தூங்கும்போது வாய் திறந்தே இருக்கும். தலையைப் பின்னால் மடக்கிக்கொண்டு, முட்டி போட்டுக்கொண்டு, விதவிதமாகப் படுப்பான். தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். ஏழு வயதாகியும் பாயில் ஒன்றுக்குப் போய்விடுவான். அவனும் கொறட்டை விடுவான். "அப்பனாட்டமே" என்று நாங்கள் பெருமைப்பட்டோம்! பகலில் அவன் தூங்கி வழியவும் மாட்டான், ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டான். அவனுடைய பள்ளியில் இருந்து ரிப்போர்ட்டில் 'கவனமில்லை, சேட்டை, மந்தம்' என்று எழுதி வந்தது. அம்மா அதற்கு அவனை அடித்திருக்கிறார்கள். நான் அவனுக்கு வைத்த பேரை இங்கே எழுத மாட்டேன்.

அப்பாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது தம்பியும் வந்தான். டாக்டரம்மா அவன் வாயைப் பார்த்துவிட்டு, "இவன் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்கள். அங்கிருந்து நேரே அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை டாக்டர். பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்று ஒரு சதை, தொண்டையில் இரண்டு பக்கமும் டான்சில். இவை சின்ன வயதில் எல்லோருக்கும் இருப்பவைதான். தம்பிக்கு அளவுக்கு மீறி வளர்ந்து வழியையே அடைத்திருந்தன. பெரியவர்களுக்கு மணிக்கு 5 வரை விடுகிறார்கள், குழந்தைக்கு 1-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டுமாம். தூக்கம் கெட்ட பெரியவர் தூங்கி விழுவார், தூக்கம் கெட்ட குழந்தை பல சமயம் துறுதுறு என்று ஆடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1889-லேயே வில்லியம் ஹில் என்ற டாக்டர் இங்கிலாந்து மருத்துவ இதழில், படிப்பில் பின்தங்கிய, வாயால் மூச்சு விடுகிற, ராத்திரி கொறட்டை விடுகிற பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நூற்றிமுப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் தம்பியின் ரிப்போர்ட்டில் 'மந்தம்' என்றுதான் வருகிறது. எழுதிய ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. ஒரே வீட்டில் படுத்த எங்களுக்கே தெரியவில்லையே.

சில வாரம் மூக்கில் மருந்து அடித்துப் பார்த்தார்கள், போதவில்லை. 2024 காலாண்டு விடுமுறையில் ஆபரேஷன். அடினாய்டு, டான்சில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் தொண்டை வலி, காதிலும் வலி என்று அழுதான். ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றதும் அழுகை பாதியானது. வீட்டுக்கு வந்த சில நாளில், நடு ராத்திரி எழுந்து பார்த்தால் அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக்கிட்டே விரலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். "சத்தமே இல்லடி, பயமா இருக்குது" என்றார்கள். அவன் வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அப்படி அவன் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

பாய் நனைவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பொங்கலுக்குள் நின்றுவிட்டது. உயரமும் சதையும் போட்டான். ஆபரேஷன் செய்ததும் வகுப்பில் முதல் மாணவன் ஆகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கணக்கில் இன்னும் நாற்பதுதான், அது எங்கள் குடும்ப வியாதி, அதற்கு ஆபரேஷன் கிடையாது. ஆனால் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து எழுதி முடிக்கிறான். எல்லாக் குழந்தைக்கும் ஆபரேஷனோடு முழுக்கச் சரியாகிவிடாது என்பதால், திரும்பக் கொறட்டை வந்தால் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா இரண்டு மாதத்துக்கு மேல் குடோனில் இருந்தார். பிறகு டாக்டரம்மா மிஷினுக்குள் இருக்கிற பதிவைப் பார்த்தார்கள். எத்தனை மணி நேரம் போட்டார், எத்தனை தடவை அடைத்தது என்று எல்லாம் அதில் இருக்கும், ஏமாற்ற முடியாது. 42 என்று இருந்தது 3 ஆகியிருந்தது. ஓனர் மறுபடி வண்டி கொடுத்தார். கிளீனர் அண்ணன் லாரி பேட்டரியில் இருந்து இன்வெர்ட்டர் வைத்து, சீட்டுக்குப் பின்னால் மிஷினுக்கு ஒரு மரப்பலகை அடித்துக் கொடுத்தார். திருச்சூரில் பகலில் வண்டிக்குள் முகமூடியோடு தூங்குகிற அப்பாவைப் பார்க்க ஆரம்பத்தில் கூட்டம் கூடியதாம். இப்போது பழகிவிட்டார்கள். வேறு ஒரு டிரைவர் மட்டும் வந்து, விலை என்ன, எங்கே பார்த்தீர்கள் என்று தனியாகக் கேட்டுவிட்டுப் போனாராம்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்குப் பலகுரல் கொடுக்கச் சொல்லித் தமிழம்மா என்னைக் கேட்டிருக்கிறார்கள். சேவல் உண்டு, டிவிஎஸ் 50 உண்டு. கொறட்டை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அதை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, நான் அதக் கேட்டதே இல்லையே" என்றார். "விழா அன்னிக்கு லோடு. ஆஸ்பத்திரியில பாத்தப்பவும் பாதிதான் மனசுல நின்னுச்சு. இப்பப் பண்ணு பாக்கலாம்."

நான் மாட்டேன் என்றேன். விடவில்லை. சரி என்று அடுப்பங்கரை வாசலில் நின்று செய்தேன். ஏத்தினேன், நிறுத்தினேன். தம்பி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். அப்பா கையில் பிசைந்த சோற்றோடு காத்திருந்தார். பத்து, பதினைந்து, இருபது. நான் மூச்சை இழுத்தபோது அவரும் கூடவே இழுத்தார்.

"இவ்வளவு நேரமா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

வேறொன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, மிஷின் தொட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு லோடுக்குக் கிளம்பினார்.

- பதினொன்றாம் வகுப்பு, 'இ' பிரிவு